வழிபாட்டொலியும் டெசிபல் கணக்கும்

ஓர் ஒலி எவ்வளவு வலியது என்பதைக் கருவி கொண்டு சொல்லிவிடலாம். அது வழிபாடா, தொல்லையா என்பதையும் அதே கருவியிடம் கேட்கலாமா என்னும் வினா, நீதிமன்றங்களுக்கு அண்மைக் காலத்தில் வந்து சேர்ந்ததே தவிர, மெய்ப்பொருள் நூல்களுக்குப் புதியதன்று. கோயிலின் கூம்பு ஒலிபெருக்கியும் பள்ளிவாசலின் பாங்கும் ஜெபக்கூட்டத்தின் டிரம்ஸும் வழக்காக மாறும்போதெல்லாம், எண் வரம்பைத் தாண்டிவிட்டதால் அவ்வொலியில் தெய்விகம் ஏதும் இல்லை என்பதுபோல் ஒரு தரப்பும், ஒலி தெய்விகமானது ஆகையால் எண் அதற்குப் பொருந்தாது என்று மறுதரப்பும் வாதிடுவது வழக்கம். அந்த எண் எதை அளக்கிறது என்று முதலில் தெரிந்துகொண்டால் இவ்விரண்டு வாதங்களும் நிற்கமாட்டா.

ஒலியை அளப்பது என்பது காற்றழுத்தத்தின் ஏற்ற இறக்கத்தை அளப்பதாகும். வளிமண்டல அழுத்தம் ஏறத்தாழ 1,00,000 பாஸ்கல் அளவில் நிற்க, அதன்மேல் நுண்ணிய அலையாக எழுந்து விழும் மாறுதலையே செவி ஒலியாகப் பெறுகிறது. அம்மாறுதல் 20 மைக்ரோபாஸ்கல், அதாவது ஒரு பாஸ்கலில் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு இருந்தாலே, குறையற்ற இளஞ்செவி 1,000 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் அதனை உணர்ந்துவிடும். செவியில் வலியெடுக்கத் தொடங்கும் நிலையிலோ அது 20 பாஸ்கலை எட்டிவிடும். பத்து லட்சம் மடங்கு விரிந்து கிடக்கும் இந்த எல்லையைச் சிறிய எண்களில் அடக்குவதற்காக, 20 மைக்ரோபாஸ்கலைச் சுழியம் என்று வைத்து, ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு கூடும்போதெல்லாம் பத்து அலகு ஏறும்படி மடக்கைக் கணக்கில் அமைத்த அளவையே டெசிபல். தொலைபேசிக் கம்பிகளில் குரல் எவ்வளவு தேய்கிறது என்று கணக்கிட அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடப் பொறியாளர்கள் 1920-களில் உருவாக்கிய இவ்வலகில், தொலைபேசி கண்ட அலெக்சாண்டர் கிரகாம் பெல்லின் பெயர் ஒட்டிக்கொண்டது. கூட்டல் கணக்குக்குப் பழகிய மனம் இங்கே தடுமாறும்: 75 டெசிபல் தரும் ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் அதே வலிமையுள்ள இன்னொன்றை வைத்தால் 150 ஆகாது, 78 தான் ஆகும், எனவே ‘மூன்றே டெசிபல்தானே கூடியிருக்கிறது’ என்று எவரேனும் சொன்னால், ஆற்றல் இருமடங்காகிவிட்டது என்று பொருள்.

மடக்கைக் கணக்கைப் புலனுணர்வோடு முதன்முதலில் முறையாக இணைத்தவர் பொறியாளர் அல்லர் என்பது பலர் அறியாதது. ஜெர்மனியின் லைப்ஸிக் நகரில் இயற்பியல் பேராசிரியராக இருந்து, கண்நோயாலும் மனச்சோர்வாலும் அப்பதவியை விட்டு விலகிய குஸ்டாவ் தியோடர் ஃபெக்னர், தாவரங்களுக்கும் உயிர்மனம் உண்டு என்று 1848-இல் ஒரு நூலே எழுதியவர். உலகம் முழுவதும் உள்ளுணர்வு நிறைந்தது என்றும், உடலும் உள்ளமும் ஒரே பொருளின் புறமும் அகமும் என்றும் நம்பியவர். அந்நம்பிக்கைக்கு ஒரு கணித வடிவம் தேடியபோதுதான், புறத் தூண்டல் மடங்கு மடங்காகப் பெருகும்போது அக உணர்வு சமமான படிகளில் மட்டுமே ஏறுகிறது என்னும் எண்ணம் 1850 அக்டோபர் 22 அன்று காலையில் அவருக்கு உதித்தது. 1860-இல் வெளிவந்த அவருடைய உளஇயற்பியல் நூல் அதனை விரித்துரைத்தது. உளஇயற்பியல் என்பது புறத்தூண்டலுக்கும் அக உணர்வுக்கும் உள்ள உறவை எண்ணால் காட்ட முயலும் துறை. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின் ஹார்வர்டின் எஸ். எஸ். ஸ்டீவன்ஸ், உணர்வு ஏறும் விதி மடக்கை விதி அன்று, அடுக்கு விதி என்று ஃபெக்னரைத் திருத்தினார். அவருடைய கணக்குப்படி பத்து டெசிபல் ஏறினால் கேட்பவருக்கு ஒலி ஏறத்தாழ இருமடங்காகத் தோன்றும். ஆக, அகத்தைத் தொட்டுவிடலாம் என்ற ஆன்மிக வேட்கையிலிருந்து கிளம்பிய ஓர் ஆய்வு, ‘எத்தனை மடங்காகத் தோன்றுகிறது’ என்பதுவரை வந்து நின்றுவிட்டது. ‘என்னவாகத் தோன்றுகிறது’ என்பதை அது தொடவே இல்லை.

கருவிக்குள்ளேயே நடக்கும் தேர்வுகளும் கவனத்துக்கு உரியவை. மனிதச் செவி எல்லா அதிர்வெண்களையும் ஒரேபோல் கேட்பதில்லை என்பதை ஃபிளெட்சரும் மன்சனும் 1933-இல் வெளியிட்ட வளைகோடுகள் காட்டின. அவற்றை அடியொற்றி எழுந்த ‘ஏ’ எடையிடல் முறை, தாழ்ந்த ஒலிகளின் மதிப்பைக் குறைத்து எண்ணுகிறது: 100 ஹெர்ட்ஸ் ஒலியிலிருந்து சுமார் 19 டெசிபலையும், 50 ஹெர்ட்ஸ் ஒலியிலிருந்து சுமார் 30 டெசிபலையும் கழித்த பிறகே கருவி தன் எண்ணைக் காட்டும். இம்முறை மெல்லிய ஒலிகளுக்கான செவித்திறனைத் தழுவி வகுக்கப்பட்டது. உரத்த ஒலியில் செவி தாழ்ந்த சுரங்களையும் நன்றாகவே கேட்கிறது. பெரிய ஒலிபெருக்கிப் பெட்டிகளின் அடித்தொனி சுவரை ஊடுருவி மார்பில் அறையும்போதும் கருவி அடக்கமான எண்ணையே காட்டக்கூடும் என்பதற்குக் காரணம் இதுதான். இன்னொரு தேர்வு, சராசரி. இந்திய விதிகள் குறிப்பிடும் எண், ஒரு கால அளவில் ஒலியாற்றலைச் சராசரியாக்கிப் பெறும் சமான மட்டம். இரவு பத்து முதல் காலை ஆறு வரை 38 டெசிபல் அமைதி நிலவும் ஒரு தெருவில், நள்ளிரவு இரண்டு மணிக்கு ஒரே ஒரு நொடி 85 டெசிபலில் வெடியொன்று முழங்கினால், அந்த எட்டு மணி நேரத்துக்கான சராசரி 42-ஐ ஒட்டியே நிற்கும். குடியிருப்புப் பகுதியின் இரவு வரம்பான 45-க்குள் அது அடங்கிவிடும். விழித்துக்கொண்ட குழந்தைக்கும் அதனைத் திரும்ப உறங்கவைக்க வேண்டிய தாய்க்கும் அந்தச் சராசரியில் இடமில்லை.

2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகள் நிலத்தை நான்காகப் பிரிக்கின்றன: தொழிற்பகுதிக்குப் பகலில் 75, இரவில் 70, வணிகப் பகுதிக்கு 65, 55, குடியிருப்புக்கு 55, 45, அமைதிப் பகுதிக்கு 50, 40. அதே ஆண்டு ஆகஸ்டு 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்கொன்று சென்னையின் மாதவரம் நெடுஞ்சாலையை ஒட்டி எழுந்தது. கே.கே.ஆர். மெஜஸ்டிக் காலனிக் குடியிருப்போர் நலச் சங்கத்தினர், அருகிலிருந்த பெந்தேகோஸ்தே சபையின் ஒலிபெருக்கிகளும் இசைக்கருவிகளும் தங்கள் அன்றாட வாழ்வைக் குலைப்பதாக முறையிட்டனர். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தார் அளந்து தந்த அளவீடுகளைச் சுட்டி, இரைச்சல் சாலை வாகனங்களால் வந்ததே ஒழியத் தங்களால் அன்று என்று சபையார் வாதிட்டனர். இவ்வாதம் வெறும் சட்டத் தந்திரம் அன்று. அளவையின் ஓர் எல்லையை அது வெளிக்காட்டியது. கருவியின் சவ்வில் வந்து மோதும் அழுத்தத்துக்கு உரிமையாளர் பெயர் கிடையாது. லாரியின் ஹாரனும் ஜெபத்தின் ‘அல்லேலூயா’வும் அங்கே ஒரே கணக்கில் சேர்ந்துவிடுகின்றன. பிறர் அமைதியைக் குலைத்து வழிபட வேண்டும் என்று எந்தச் சமயமும் விதிக்கவில்லை, ஒலிபெருக்கி வழியாகத்தான் வழிபட வேண்டும் என்றும் விதிக்கவில்லை என்பதே நீதிமன்றம் கண்ட முடிவு. முடிவு சரியே, ஆனால் ‘எந்தச் சமயமும் விதிக்கவில்லை’ என்ற கூற்றைத் தீர்ப்பு விரித்து நிறுவவில்லை. அதற்கான சான்றுகளைச் சமய நூல்களே தருகின்றன.

தமிழில் ஒலியளவைப் பேசும் மிகப் பழைய நூல் தொல்காப்பியம். எழுத்தொலியின் கால அளவைக் கண்ணிமைப்பாலும் கைந்நொடியாலும் வரையறுத்து, மனித உடலையே அளவுகருவியாகக் கொண்ட அந்நூல், பிறப்பியலின் முடிவில் தன் ஆய்வின் எல்லையையும் தானே குறிக்கிறது: உந்தியிலிருந்து எழும் அகவளியின் இசையை அளந்து காண்பது அந்தணர் மறைக்கு உரியது, வெளியே வந்து செவிக்குப் புலனாகும் வளியிசையின் அளவை மட்டுமே இங்கே சொல்லப்படுகிறது என்பது அதன் கருத்து. அகத்தொலி இல்லை என்று தொல்காப்பியர் மறுக்கவில்லை. தம் அளவை அதனை எட்டும் என்று உரிமை கொண்டாடவும் இல்லை. அளவை பற்றிய இந்த நேர்மை பிற்காலத்தில் பலருக்கு வாய்க்கவில்லை.

மீமாம்சகர்களுக்கும் அவர்தம் எதிர்த்தரப்பினருக்கும் நடந்த வாதம் இப்பொருளை இன்னும் நெருங்கி வருகிறது. சொல் என்றும் உள்ளது, உச்சரிப்பு அதனை வெளிப்படுத்துகிறதே ஒழியப் படைப்பதில்லை என்பது மீமாம்சைக் கொள்கை; ஒலி ஆகாயத்தின் பண்பு, தோன்றி அழிவது, நீரலைபோல் பரவிச் செவியை அடைவது என்பது நியாய வைசேடிகர் கொள்கை. ஜைமினியின் மீமாம்சா சூத்திரம், முதல் அத்தியாயத்தின் முதல் பாதத்திலேயே, எதிர்த்தரப்பின் ஒரு தடையை எடுத்துவைக்கிறது: ஒரே சொல்லைப் பலர் சேர்ந்து சொன்னால் அது பெரிதாகிறதே, பெரிதாவது செயற்பொருளின் இயல்பாயிற்றே, பிறகு அது நித்தியமாவது எப்படி? பெருகுவது நாதம், சொல் அன்று என்பதே ஜைமினி தரும் விடை. நாதம் என்று அங்கே குறிக்கப்படுவது காற்றின் சேர்க்கை பிரிவுகளால் உண்டாகும் முழக்கம். நூறு பேர் ஓதினாலும் ஒருவர் ஓதினாலும் வேதச்சொல் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. கூடுவது கருவி அளக்கும் பகுதி மட்டுமே. வேதத்தின் மேன்மையைக் காப்பதையே தொழிலாகக் கொண்ட ஒரு தரிசனம், உரப்பு என்பது மந்திரத்தின் பண்பு அன்று என்று தீர்த்துச் சொன்னது, இன்றைய ஒலிபெருக்கி வழக்குகளில் எவராலும் எடுத்துக்காட்டப்பெறாதது வியப்புக்குரியது.

சைவ சித்தாந்தம் வாக்கினைச் சூக்குமை, பைசந்தி, மத்திமை, வைகரி என நான்காக வகுக்கிறது. இவற்றுள் பிறர் செவிக்குக் கேட்பது வைகரி ஒன்றே. மத்திமை சொல்பவரின் உள்ளத்துக்குள் மட்டும் எழுத்துகள் முறைப்பட நிற்கும் நிலை. பைசந்தியில் எழுத்துகள் வேறுபடாமல் ஒடுங்கிக் கிடக்கும். சூக்குமை அதற்கும் அப்பால், அறிவுக்கு வித்தாய் நிற்பது. நான்கனுள் மிகப் பருமையான நிலையைத்தான் கருவியால் பிடிக்க முடிகிறது. ஜெபத்தைப் பற்றிய மரபும் இதே திசையில் செல்கிறது. மனுஸ்மிருதியின் இரண்டாம் அத்தியாயம், விதிப்படி செய்யும் வேள்வியைவிட ஜெபம் பத்து மடங்கும், பக்கத்திலிருப்பவருக்கும் கேளாமல் உதடசையச் செய்யும் உபாஞ்சு ஜெபம் நூறு மடங்கும், மனத்துக்குள்ளேயே செய்யும் மானச ஜெபம் ஆயிரம் மடங்கும் சிறந்தவை என்கிறது. பிற வகையில் இந்நூலோடு உடன்பட முடியாதவர்களும் இந்த எண்களை நின்று நோக்கலாம்: பத்து, நூறு, ஆயிரம் என்று படிக்குப் பத்து மடங்காக ஏறும் இவ்வரிசை டெசிபலின் மடக்கைப் படிகளையே ஒத்திருக்கிறது, திசை மட்டும் நேர் எதிர். கருவியின் எண் இறங்க இறங்க, ஜெபத்தின் மதிப்பு ஏறுகிறது.

பிற சமயங்களிலும் சான்றுகளுக்குக் குறைவில்லை. திருக்குர்ஆனின் பதினேழாம் அத்தியாயம், 110-ஆம் வசனம், தொழுகையில் குரலை மிக உயர்த்தவும் வேண்டாம், மிகத் தாழ்த்தவும் வேண்டாம், இடைப்பட்ட வழியை நாடுக என்று பணிக்கிறது. பாங்கு சொல்வது இஸ்லாத்தின் இன்றியமையாத பகுதியே, ஆயினும் ஒலிபெருக்கியில் சொல்வது அவ்வாறு ஆகாது என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் 2020 மே மாதம் கூறியதும் இதற்கு இசைந்ததே. பழைய ஏற்பாட்டில் ஓரேப் மலையில் நின்ற எலியாவுக்குப் பெருங்காற்றிலோ நிலநடுக்கத்திலோ நெருப்பிலோ ஆண்டவர் தென்படவில்லை. அவற்றுக்குப் பின் வந்த மெல்லிய ஒலியிலேயே அவர் குரல் கேட்டது. அதற்கு முந்திய அதிகாரத்தில் பாகாலின் தீர்க்கதரிசிகளை இன்னும் உரக்கக் கூவுங்கள் என்று எள்ளியவரும் அதே எலியாதான்.

ஆனால் இத்தோடு வாதம் முடிந்துவிட்டதாகக் கொள்வது ஏட்டறிவின் செருக்காகும். சங்கீதப் புத்தகத்தின் இறுதிப் பாடல் ஓசைமிக்க கைத்தாளங்களால் ஆண்டவரைத் துதிக்கச் சொல்கிறது. தென்மாவட்டக் கொடை விழாக்களில் பம்பையும் உடுக்கையும் உறுமியும் உச்சத்துக்கு ஏறாமல் சாமியாடுபவர்மேல் அருள் இறங்குவதில்லை. அங்கே உரப்பு என்பது வழிபாட்டின்மேல் பூசிய மெருகு அன்று, வழிபாட்டின் உறுப்பே. திருமணத்தில் தாலி கட்டும் கணத்தில் எழும் கெட்டிமேளம், தும்மல் முதலிய மங்கலமல்லாத ஓசைகள் செவியில் விழாதவாறு மூடுவதற்காகவே முழங்குகிறது; ஓர் ஒலி மற்றொன்றைக் கேளாமற் செய்வதை ஒலியியலார் மறைப்பு என்பர், மெல்ல வாசித்தால் மறைப்பு நிகழாது. ஏட்டுச் சமயம் மௌனத்தை நோக்கிச் செல்ல, நாட்டார் சமயம் முழக்கத்தில் தெய்வத்தைக் காண்கிறது என்றால், முன்னதைக் கொண்டு பின்னதற்கு வரம்பு கட்டுவது நீதியாகுமா என்று கேட்பவர்களுக்கு விடை சொல்லியாக வேண்டும்.

விடை, முழக்கம் யாருக்காக என்பதில் இருக்கிறது. திறந்த வெளியில் ஒரு சிறு மூலத்திலிருந்து பரவும் ஒலி, தொலைவு இருமடங்காகும்போதெல்லாம் ஆறு டெசிபல் தேய்கிறது. ஒரு மீட்டரில் 100 டெசிபலாக இருப்பது நூறு மீட்டரில் 60 ஆகிவிடும். பம்பைக்காரரின் கைவலிமைக்கு இயற்கை வைத்த வரம்பு இது: ஆட்டம் நடக்கும் களத்துக்குள் உடல் அதிர, ஊர் எல்லையில் அது திருவிழாவின் செய்தியாக மட்டும் சென்று சேரும். களத்தில் நிற்பவர்கள் விரும்பி வந்தவர்கள். கம்பத்துக்குக் கம்பம் கட்டப்படும் கூம்பு ஒலிபெருக்கியோ களத்துக்கு வராதவர்களை எட்டுவதற்காகவே கட்டப்படுகிறது. அருள் இறங்குவதற்கு அது எவ்வகையிலும் துணை செய்வதில்லை. ஆகவே முழக்கத்தை வழிபாட்டின் உறுப்பாகக் கொண்ட மரபுகளுக்கும், வரம்பு உண்மையில் பறிப்பது களத்துக்கு வெளியே செலுத்தப்படும் மிகையை மட்டுமே. விதிகளும் இதற்கு ஓரளவு இடம் தந்திருக்கின்றன: பண்பாட்டு, சமய விழாக்களுக்காக ஆண்டுக்குப் பதினைந்து நாள்களுக்கு மிகாமல் இரவு பத்து முதல் பன்னிரண்டு வரை ஒலிபெருக்கியை மாநில அரசு அனுமதிக்கலாம். ஒரு மாநிலத்தின் அத்தனை தெய்வங்களுக்கும் சேர்த்துப் பதினைந்து நாள் என்பது எப்படிப் பங்கிடப்படும் என்பதைத் தெய்வங்களே அறியும்.

எதனை இரைச்சல் என்று அழைப்பது என்பதில் அதிகாரம் எப்போதும் கை நீட்டியிருக்கிறது. நாகசுரமும் தவிலும் மங்கல இசை என்று கோயிலுக்குள் இடம்பெற, பறையொலி தீட்டென்று ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டது அவற்றின் அதிர்வெண்ணால் அன்று, அடிப்பவரின் சாதியால். ஒரு சமயத்தாரின் பாடல் பக்தியாகவும் மறு சமயத்தாரின் அழைப்பு ஆக்கிரமிப்பாகவும் அதே தெருவில் கேட்பதற்கும் இதுவே காரணம். கருவிக்குப் பொருள் புரியாது என்று குறைகூறுவோர், அந்தப் புரியாமையின் பயனை எண்ணிப் பார்ப்பதில்லை. பறைக்கும் தவிலுக்கும், பாங்குக்கும் சுப்ரபாதத்துக்கும், அரசியல் கூட்டத்துக்கும் ஜெபக்கூட்டத்துக்கும் ஒரே எண்ணைத் தருவது கருவி ஒன்றுதான். மனிதச் செவி ஒருபோதும் அவ்வாறு செய்ததில்லை. புனிதத்தை அறியாத காரணத்தாலேயே அது எவருடைய புனிதத்துக்கும் சலுகை காட்டுவதில்லை. பேசும் உரிமை உடையவர் எவருக்கும் விரும்பாதவர் செவியில் திணிக்கும் உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2005 ஜூலை 18 அன்று அளித்த தீர்ப்பில் கூறியது, இந்தப் பாரபட்சமின்மையைச் சட்டத்தின் மொழியில் சொன்னதாகும்.

இவ்விடத்தில் டெசிபல் அளவையின் சுழியம் பற்றியும் ஒரு சொல். சுழிய டெசிபல் என்பது ஒலியின்மை அன்று. கேட்கத் தொடங்கும் எல்லையே அது. எதிரொலி அற்ற ஆய்வறைகளில் சுழியத்துக்கும் கீழே எதிர்மறை எண்கள் பதிவாகியுள்ளன. முழுமையான ஒலியின்மைக்கு மடக்கைக் கணக்கில் எண்ணே கிடையாது. தட்சிணாமூர்த்தியின் மௌனமும் சித்தர்கள் பேசும் சும்மா இருத்தலும் இந்த அளவையில் எந்தக் கோட்டிலும் விழாதவை. அவற்றை அளந்துவிட்டதாக எந்த ஒலியியலாளரும் சொல்லவில்லை என்பதால் இங்கே சச்சரவுக்கு இடமில்லை.

எண்ணைக் குற்றம் சொல்ல வேண்டுமானால், அது சமயத்துக்குள் நுழைகிறது என்பதற்காக அன்று, கேட்பவரைப் போதிய அளவு நெருங்கவில்லை என்பதற்காகவே சொல்ல வேண்டும். நள்ளிரவின் ஒரு நொடி வெடியைச் சராசரியில் கரைப்பதும், அடித்தொனியின் அறையைக் கழித்துவிடுவதும் திருத்தத்தக்க குறைகள். உச்ச அளவையும் தாழ் அதிர்வெண்களையும் தனியே பதிவு செய்யும் கருவிகள் இன்று எளிதில் கிடைக்கின்றன, விதிகள்தாம் அவற்றைக் கேட்பதில்லை. சமயத் தரப்பினர் அஞ்ச வேண்டிய காரணம் ஏதும் இல்லை: கருவி அளப்பது, அவர்தம் நூல்களே கடைநிலையில் வைத்த பகுதியை. அதனைக் குறைத்துக்கொள்ளச் சொல்லும் சட்டம் வழிபாட்டிலிருந்து எதையும் எடுத்துக்கொள்வதில்லை. குறிக்கப்பட்ட அளவைவிட 10 டெசிபல் அல்லது அதற்குமேல் கூடினாலோ, இரவுக் கட்டுப்பாடு மீறப்பட்டாலோ, பாதிக்கப்பட்டவர் எவரும் உரிய அதிகாரியிடம் முறையிடலாம் என்று விதிகள் கூறுகின்றன. முறையீடு வருவதற்கு முன்பே ஒலிபெருக்கியின் முகத்தைத் தம் வளாகத்துக்குள் திருப்பிக்கொள்வது கோயில், பள்ளிவாசல், தேவாலய நிருவாகங்கள் எல்லாவற்றுக்கும் இயலக்கூடிய செயலே.